ஆட்டுப்பட்டி என்று நான் எழுதிய மதில்

"மேடம், ரெண்டு ஷீட்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. ஒண்ணுல 'ஆட்டுப்பட்டி'ன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணுல அதே எழுத்தைச் சிவப்பு மையில அடிச்சிருக்கீங்க. எதை நம்புறது?"

போன மாதம் ஒரு காலை, கொரட்டூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபோனில் வந்த கேள்வி இது. கேட்டவர் நிவேதா. நான் இருபத்தொன்பது வருஷம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது அந்த வேலையைப் பார்க்கிறவர். தேனிப் பக்கத்துப் பெண், பருத்திப்பட்டில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாராம். அதுவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. முன்பின் தெரியாதவர் விடிந்ததும் கூப்பிட்டு 'எதை நம்புறது' என்றால் யாருக்குத்தான் சுருக்கென்று கோபம் வராது?

"சிவப்பை நம்புங்க," என்றேன்.

"அப்ப முதல்ல ஏன் மேடம் தப்பா எழுதினீங்க?"

எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்ததில் அது இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தின் வேலை பழைய கோட்டைகளையும் மண்டபங்களையும் அளந்து வரைபடம் போடுவது. கடைசியில் அந்தப் படத்தின் மேல் ஓர் எல்லைக்கோடு இழுப்பார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பதை யாரும் தொடக்கூடாது. வெளியே இருப்பதை யார் என்ன செய்தாலும் கேட்பாரில்லை. ஆகவே வரைவாளர் ஒரு கல் குவியலுக்கு என்ன பெயர் எழுதுகிறார் என்பது சின்ன விஷயமில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருஷம் அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் கோடு போட்டேன், எண் எழுதினேன், ஷீட்டைச் சுருட்டி வைத்தேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது வருஷம் ஞானப்பிரகாசம் சார் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். அதன்பிறகுதான் வெயில் என்றால் என்னவென்று தெரிந்தது.

சார் பூந்தமல்லிக்காரர். கடைநிலை ஊழியர் வரைக்கும் எல்லாரையும் வாங்க போங்க என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் சட்டைப்பையிலிருந்து பாதி பிளேடை எடுத்துப் பென்சில் சீவ ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் சீவுகிறார் என்பதை வைத்துக் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா?"

மலைக்கோட்டை என்றால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் நாள் அளவு நாடாவை விரிக்கவே விடமாட்டார். அடிவாரத்தில் யார் வீட்டிலாவது ஒரு முறம் இரவல் வாங்கச் சொல்வார். முறத்தை இடது கையில் பிடிக்க வேண்டும், வலது கையில் ஒரு கம்பு. முறம் கேடயம், கம்பு வாள். அப்படியே எதிரிப்படை வந்திருக்கக்கூடிய பாதையில், கீழேயிருந்து வாசல் வரைக்கும் ஏற வேண்டும். நாடா பிடிக்கும் தாசண்ணன் பூந்தமல்லிப் பக்கத்து நூம்பல் ஆள். அவர் முதல் தடவை முறத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? கோட்டைய புடிக்கப் போறோமா, அரிசி பொடைக்கப் போறோமா?"

சாரும் சிரித்தார். ஆனால் ஏறச் சொன்னார். ஏறிய பிறகுதான் புரிந்தது. அந்தக் கோட்டையில் பாதை முழுக்க மதில் நம் வலப்பக்கமாகவே வந்தது. கேடயம் இருப்பதோ இடது கையில். மேலேயிருந்து அம்பு விட்டாலும் கல்லை உருட்டினாலும் வெறும் தோளில்தான் விழும். பாதையைச் சுற்றிச் சுற்றி விட்டது மலை செங்குத்து என்பதற்காக மட்டுமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"இதைக் கட்டினவங்க வர்றவங்களை எங்கெங்க நிறுத்தணும்னு யோசிச்சுக் கட்டியிருக்காங்க. நாமளும் நின்னு பாத்தாதான் தெரியும்," என்பார் சார்.

நல்ல முறைதான். ஆனால் எனக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கையில் முறமும் மறு கையில் கம்புமாகப் போனால் ஊரே கூடிவிடும். "மேல என்னம்மா காயப்போட்டிருக்க?" என்று ஒரு ஊரில் கேட்டார்கள். இன்னொரு ஊரில் குறி சொல்ல வந்தவள் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார் ஒருவர். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும், வெட்கமும் அப்படித்தான். இந்த வெட்கத்தால்தான் அந்தத் தப்பு நடந்தது.

அது நடந்த மலை ஆவடியிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக நாலு மணி நேரம். ஊர்க்காரர்கள் கோட்டைமலை என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். தெற்குச் சரிவில் பழைய படிப்பாதை, முள் மண்டிக் கிடந்தது. அது போய்ச் சேரும் முன்வாசலில் கல் சரிந்து அடைத்துக்கொண்டிருந்தது. வடக்கே பின்பக்கம் ஒரு வண்டிப்பாதை, பாதி மலைவரை ஜீப்பே போகும். மீதியை நடந்தால் பின்வாசல் வழியாகக் கோட்டைக்குள் நுழைந்துவிடலாம். தெற்குச் சரிவின் அடியில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வெடி வைத்தால் நம் வரைபலகை நடுங்கும். எல்லைக்கோட்டைச் சீக்கிரம் இழுக்காவிட்டால் கல்குவாரி மதில்வரைக்கும் ஏறிவிடும் என்றுதான் எங்களை அவசரமாக அனுப்பினார்கள்.

சாருக்கு அப்போது முட்டி வீங்கியிருந்தது. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை வாங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் இறங்கி வந்ததும் கேட்டார்.

"கீழேருந்து ஏறினீங்களா?"

"ஏறினோம் சார்."

ஏறவில்லை. ஜீப்பில் பின்பக்கமாகப் போய், நேராக நாடாவை விரித்துவிட்டோம். முள்ளில் யார் போவது, முறத்தோடு யார் நடப்பது என்று நான்தான் சொன்னேன். தாசண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் இருபத்தாறு நாள் தினமும் அதே பின்வழிதான். பின்வாசலுக்கு முன்னால் பாதை திரும்புகிற இடத்தில் பெரிய பாறை ஒன்று, அதையொட்டிக் கருவேலம் புதர். பாறை நிழலில் அந்தப் புதர்க் கிளையில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு வேலைக்குப் போவோம்.

தெற்கு முன்வாசலை உள்ளேயிருந்து, சரிந்த கல்லின் மேல் ஏறி நின்று அளந்தோம். வாசலுக்கு வெளியே முற்றம் அளவுக்கு வெட்டவெளி. படிப்பாதை அந்த வெளிக்கு வந்து, வலப்பக்கம் திரும்பி வாசலைப் பார்க்கும். வெளிக்கு அந்தப் பக்கம், வாசலுக்கு நேர் எதிரே, யானை உயரப் பாறை. பாறைக்கும் வெளிக்கும் நடுவே பிறைபோல வளைந்து ஆளுயர மதில் ஒன்று. மதிலுக்கும் பாறைக்கும் இடையிலான இடத்தில் அடிவாரத்துப் பச்சையம்மா தன் ஆடுகளை அடைத்து வைத்திருந்தார்.

மதிலில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. துப்பாக்கி முனையை நீட்டுவதற்குக் கோட்டை மதிலில் விடுவார்களே, அந்த மாதிரி. ஆனால் அவை ஊரைப் பார்க்கவில்லை, கோட்டை வாசலைப் பார்த்தன. தன் கோட்டையைத் தானே யாராவது சுடுவானா? இடிந்த கல்லை எடுத்து ஆடு மேய்ப்பவர்கள் அடுக்கியது, காற்றுக்கு விட்ட ஓட்டை என்று முடிவு செய்தேன். பச்சையம்மா அன்றைக்கே ஒன்று சொன்னார்.

"இது பட்டிக்கு ஆவாதும்மா. சாயங்காலம் அடச்சுட்டுப் போனா, காலீல ரெண்டு ஆடு மேல கோட்டைக்குள்ள நிக்குது. எப்படிப் போவுதுன்னே தெரியல."

"ஆடுன்னா மதில் தாண்டத்தானே செய்யும்," என்றேன். 'ஆட்டுப்பட்டி, பிற்காலத்தது' என்று ஷீட்டில் எழுதினேன். எல்லைக்கோடு வாசலோடு நின்றது. பிறை மதில் வெளியே. சார் ஷீட்டைப் பார்த்து, "கீழேருந்து ஏறினவங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லி ஒப்பமிட்டார். நகல் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பியாகிவிட்டது.

மறுநாள் மூட்டை கட்டுவதற்கு முன் மேலே விட்டுவந்த குறிக்கம்புகளைப் பிடுங்கப் போனோம். கோட்டைக்குள்ளே பச்சையம்மாவின் ஆடு ஒன்று நின்று தழை கடித்துக்கொண்டிருந்தது. வயிறு தரையைத் தொடும் சினை ஆடு. இன்றோ நாளையோ குட்டி போடும். சினை ஆடு ஆளுயர மதிலைத் தாண்டாது. முன்வாசலில் கல் அடைத்திருக்கிறது. பின்வாசலுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பட்டியோ படல் போட்டுக் கட்டியிருக்கிறது. அப்படியானால் இது எந்த வழியாக வந்தது?

இதற்கு விடை தெரியாமல் என்னால் பஸ் ஏற முடியாது. அடைத்த கல்லின் மேல் தவழ்ந்து வெளியே இறங்கிப் பட்டிக்குப் போனோம். அந்தப் பெரிய பாறையும் மலைப்பாறையும் சேரும் மூலையில், ஆடு தின்று ஓரம் குறைந்த தழைக்கட்டுகள் குவிந்திருந்தன. இழுத்துப் போட்டால் பின்னால் இருட்டாக ஒரு பொந்து. தாசண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். எத்தனை நேரம் போயிற்றோ தெரியாது. பாம்பு கீம்பு இருந்தால்? கடைசியில் குரல் மேலேயிருந்து வந்தது. கோட்டை மதிலின் மேல் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், உடம்பெல்லாம் புழுதி.

"ரோஸம்மா! உள்ள படி வெட்டிக் கீது! ஆடு இன்னா, நானே நடந்து வந்துட்டேன்!"

ஆடு அடைப்பதற்கு யாராவது பாறையைக் குடைந்து படி வெட்டுவார்களா? அடிவாரத்துக்கு இறங்கியதும் அவர் நேராகப் பச்சையம்மா வீட்டுக்குப் போய் முறத்தோடு திரும்பினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. முள்ளை வெட்டிக்கொண்டே கீழேயிருந்து படிப்பாதையில் ஏறினோம். அந்தப் பாதையிலிருந்து பார்த்தால் பிறை மதில் தெரியவேயில்லை, வெறும் பாறைதான் தெரிந்தது. வெட்டவெளிக்கு வந்து வலப்பக்கம் திரும்பி, முறத்தை முன்னால் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றேன். வாசலை உடைக்க வந்தவர்கள் இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

"யம்மா, அப்டியே திரும்பிப் பாரு," என்றார் தாசண்ணன். "ஓட்டை எல்லாம் நம்ம முதுகையே பாத்துகினு கீது."

திரும்பினேன். பாறைக்குப் பின்னால் பத்துப் பேர் ஒளிந்திருந்தால் போதும். எதிரி கேடயத்தை வாசலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பான், முதுகில் சுட்டுவிட்டுப் பொந்து வழியாகக் கோட்டைக்குள் போய்விடலாம். அந்த ஓட்டைகள் மதிலின் பாறைப் பக்கம் அகலமாகவும் வாசல் பக்கம் குறுகலாகவும் இருந்தன. சுடுகிறவன் நிற்கும் பக்கம்தான் அகலமாக விடுவார்கள். அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அளவெல்லாம் சரியாக எடுத்தவள்தான் நான், அகலம் குறுகல் இரண்டையும் எண்ணில் எழுதி வைத்திருந்தேன்.

மத்தியான வெடி அப்போது வெடித்தது. பிறை மதிலிலிருந்து மண் உதிர்ந்தது. அந்த மதிலைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது நான்தான். அழுகை வந்துவிட்டது எனக்கு.

பள்ளிக்கூடத்து அறைக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன். மதிலைப் பற்றி முதலில் சொன்னேன். பொய்யைப் பற்றிச் சொல்லத்தான் நேரமாயிற்று.

"அன்னைக்கு நாங்க கீழேருந்து ஏறல சார். ஏறினதா சொன்னது பொய்."

சார் பிளேடை எடுத்தார். பென்சில் கூரானது. மறுபடியும் சீவினார். முனை ஒடிந்தது, மறுபடியும் சீவினார். கடைசியில் விரல் நீளத்துக்குப் பென்சில் மிஞ்சியது. அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"முறம் இருக்கா?"

"சார், உங்க முட்டியோட எப்படி..."

"எழுதியிருக்கு. நான் பாக்கல," என்றார்.

தாசண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, நின்று நின்று ஏறினார். முறத்தை மட்டும் யாரிடமும் தரவில்லை. வெட்டவெளிக்கு வந்து, திரும்பி, ஓட்டைகளைப் பார்த்தார். வலியில் வியர்த்து வழிந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், சின்னப் பிள்ளை மாதிரி. "கெட்டிக்காரப் பசங்க," என்றார் மதிலைப் பார்த்து. யாரையும் அவர் பசங்க என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கீழே வந்ததும் மூல ஷீட்டை விரித்தார். நான் பழக்கத்தில் எழுத்தைச் சுரண்டி எடுக்க பிளேடைக் கையிலெடுத்தேன்.

"சுரண்டாதீங்க. ஒரே கோடா அடிங்க, அடியில இருக்கற எழுத்து படிக்கத் தெரியணும். என்ன தப்பு பண்ணோம்னு பின்னால வர்றவங்களுக்கும் தெரியட்டும்."

சிவப்பு மையில் அடித்து, 'வாசலைக் காக்கும் மறைமதில்' என்று எழுதி, 'பாராமல் எழுதியது என் தவறு' என்று கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தின் கீழே அவரும் எழுதினார்: 'பாராமல் ஒப்பமிட்டது என் தவறு.' வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்களெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த வரி மட்டும் இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

எல்லைக்கோடு பாறையைத் தாண்டி இறங்கியது. குவாரி அதற்குக் கீழேயே நின்றது. மதில் தப்பியது. நிவேதாவுக்கு வந்த ஒரு ஷீட் அந்த மூலம், இன்னொன்று அடிப்பதற்கு முன்னால் அனுப்பிய நகல்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். திருத்தத்தோடு கொடுத்த குறிப்பில், கண்டுபிடித்த மிதப்பில், 'இம்மலையில் இத்தகைய மதில் இது ஒன்றே' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். சார் அதில் விரலை வைத்தார்.

"ஒன்றேவா? பின்வாசல் பக்கம்?"

"தெனம் ரெண்டு வேளை அந்த வழியாத்தான் சார் போறேன், வர்றேன். இருந்தா என் கண்ணுல படாதா?"

அவர் முட்டி இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. மறுநாள் குறிப்பு போயாக வேண்டும். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னா சரி," என்று ஒப்பமிட்டார்.

மேலே உள்ளதை எழுதி முடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, நிவேதா லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். கோட்டைமலையின் பின்பக்கம் கார் போகச் சாலை வரப்போகிறதாம், அதற்காக டிரோன் விட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். சாலைக்காகப் புதரையெல்லாம் வெட்டியிருந்தார்கள். மலையைத் திரையில் விரலால் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். எனக்கு வியப்பு தாங்கவில்லை, நானும் சுழற்றினேன். பின்வாசல் வந்தது. பாதை திரும்பும் இடம், பாறை. பாறையை ஒட்டிப் பிறைபோல ஒரு கோடு.

"இதைக் கேக்கத்தான் மேடம் வந்தேன். பழைய ஷீட்ல இது இல்ல. சாலை இது மேலதான் போகுது. படத்துல கோட்டுக்குள்ள ஆடு நிக்குது பாருங்க. ஆட்டுப்பட்டின்னு போட்டுடவா?"

சார் பூந்தமல்லிக் கல்லறையில் படுத்துப் பல வருஷமாகிறது. அவர் விரல் அந்த வரியின் மேல் இருப்பதுபோலவே இருந்தது.

"போடாதீங்க," என்றேன். "சனிக்கிழமை போவோம்."

"நீங்களுமா? உங்களால ஏற முடியுமா மேடம்?"

"நான் கீழ நிக்கறேன். நீங்க ஏறுங்க."

அம்பத்தூர் மார்க்கெட்டில் ஒரு முறம் வாங்கிக்கொண்டேன். நிவேதா அதைப் பார்த்து விழித்தார். காரணத்தை ரயிலில் சொல்லிக்கொண்டே போனேன். அடிவாரத்து டீக்கடையில் நான் உட்கார்ந்துகொள்ள, அவர் முறத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வடக்குப் பாதையில் ஏறினார். கடைக்காரர், "அந்தப் பொண்ணு முறத்தோட எங்க போவுது?" என்று கேட்டார். எனக்கு இப்போது வெட்கமாக இல்லை. ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன். மூச்சு வாங்கும் சத்தம், செருப்புச் சத்தம், பிறகு நின்றுவிட்டது.

"மேடம், வாசலுக்கு முன்னால நிக்கறேன். மதில்ல ஓட்டை இருக்கு."

"எந்தப் பக்கம் பாக்குது?"

வாசலைப் பார்த்துத் திரும்புகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"என் முதுகைப் பாக்குது மேடம்."

பையிலிருந்து தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து, 'ஒன்றே என்று எழுதியது என் தவறு' என்று அங்கேயே எழுதத் தொடங்கினேன். இருபத்தாறு நாள், காலையில் முதுகையும் மாலையில் முகத்தையும் அந்த ஓட்டைகளுக்குக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். சாப்பாட்டுப் பையையும் அந்த மதிலை மறைத்த புதரில்தான் மாட்டியிருக்கிறேன்.